சோப்பம்மாவின் நாசிக்குகைப் போர்

நுரைமணி சிந்தும் கையினாளை. நகக்கண்ணில் ஒளிந்த அழுக்கையும் நடைவழியின் மறுகோடியிலிருந்தே கண்டு சினக்கும் விழியினாளை. அறுவை அரங்கம் என்னும் வெண்சுவர்க் கோட்டையின் வாயிலில் பச்சையங்கி தரித்து நின்று, வருபவர் பெரிய டாக்டரே ஆயினும் கைகழுவாது உட்புக எண்ணின் அக்கணமே திருப்பியனுப்பும் திறலினாளை. தலைமைச் செவிலியாம் சோப்பம்மாவை முதற்கண் போற்றி இக்கதையைத் தொடங்குகிறோம். மூக்குகளைக் காக்கும் தெய்வம் எதுவோ, அது நமக்குத் துணைநிற்பதாக. சொல்லும்போது தும்மல் குறுக்கிடாதிருப்பதாக. கேட்போர் இக்கதை முடியுமட்டும் தம் விரலைத் தம் மூக்கினருகே கொண்டுசெல்லாதிருக்கும் மனத்திண்மையை அது அவர்க்கு அருள்வதாக.

பெற்றோர் இட்ட பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிர்பிழைத்திருந்தது. மற்ற இடமெல்லாம் சோப்பம்மாதான். பயிற்சிக்கு வந்த மாணவர் கூட்டம் எப்போதோ சூட்டிய பட்டம் அது. அவள் காதுபட எவரும் சொன்னதில்லை. ஆயினும் அவள் அறிவாள். அறிந்தும் அறியாதவள் போலிருந்து உள்ளுக்குள் மகிழ்வாள். அரங்கின் முன்கூடத்தில், முழங்கையால் திறக்கும் நெடுங்குழாய்களின் முன்னே, பெரியவர் சிறியவர் பேதமின்றி அனைவரும் கைகளை உயர்த்தி நீர் வடிய நிற்க, அவள் பின்னால் நின்று நோக்குவாள். அதிகம் பேசமாட்டாள். விரலிடுக்கில் நுரை படாத இடம் கடுகளவு இருந்தாலும், "மறுபடி" என்பாள். அந்த ஒரு சொல்லே அவளது வாள். அதனால் வெட்டுண்டு, ஊரறிந்த எலும்பு வல்லுநர்களும் தலைகவிழ்ந்து, முதலிலிருந்து மீண்டும் கைகழுவினர்.

இவ்வாறு நுரை செழித்து அறம் தழைத்திருந்த காலத்தே ஒரு தீங்கு முளைத்தது. எலும்பு அறுவைப் பிரிவில், ஆறி அடங்கித் தையல் பிரிபட வேண்டிய காயங்கள் சிவந்தன, கொதித்தன, சீழ் கோத்தன. முதலில் ஒருவருக்கு. பிறகு இன்னொருவருக்கு. அதன்பின், முழங்கால் மூட்டு மாற்றப்பட்ட தபால்காரன் ஒருவனுக்கு. மழையென்றும் வெயிலென்றும் பாராது தெருத்தெருவாய் அளந்த அக்கால், இரு தலையணைகளின் மேல், கவிழ்ந்த கொடிமரம்போல் கிடந்தது. மறுபடியும் திறந்து, கழுவி, மூடினர். அவன் வலியை விழுங்கிக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான். எப்போது நடப்பேன் என்று அவன் எவரையும் கேட்கவில்லை. கேளாமல் அவன் கிடந்த கிடப்பே, வார்டுக்குள் வருவோர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

தீங்கின் வேரைத் தேடப் புறப்பட்டவள் கிருமியியல் மருத்துவர். வயதில் இளையவள், குரலில் மெல்லியள், வெள்ளைக் கோட்டின் பையில் அம்பறாத்தூணியில் அம்புகள்போல் நீண்ட பஞ்சுக்குச்சிகள் எந்நேரமும் துருத்திநிற்க நடப்பாள். ஆதலால் பஞ்சுக்குச்சி டாக்டர். அரங்கினர் அனைவரையும் கூட்டி அவள் உரைத்தது இது: பொன்னிறக் கிருமி ஒன்று உண்டு, திராட்சைக் குலைபோல் திரண்டு வாழும், மனிதர் பலரது மூக்கில் வாடகையின்றிக் குடியிருக்கும், குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு கெடுதியும் செய்யாது, ஆனால் மூக்கிலிருந்து விரலுக்கும், விரலிலிருந்து பிறர் காயத்துக்கும் தாவுமாயின் அங்கே ஊரையே கொளுத்தும். ஆகவே அரங்கில் கால்வைக்கும் ஒவ்வொருவர் மூக்கிலும் குச்சி நுழைய வேண்டும்.

அவை கலங்கிற்று. பெரிய டாக்டர் எழுந்து, இந்தத் தொல்லை எதற்கு, ஆளுக்கொரு மருந்துக் குழாயை வாங்கிக் கொடுத்து எல்லோரையும் பூசிக்கொள்ளச் சொல்லிவிட்டால் வேலை முடிந்ததே என்றான். பஞ்சுக்குச்சி டாக்டர் தலையசைத்தாள்.

"தேவையில்லாத மூக்குக்கெல்லாம் மருந்து போட்டா, கிருமி அந்த மருந்தையே தின்னு பழகிடும், சார். அப்புறம் நிஜமா வேணும்கிறப்ப மருந்து வேலை செய்யாது. இருக்கிற மூக்குக்கு மட்டும்தான் போடணும்."

சோப்பம்மா எழுந்தாள். "நாளைக்குக் காலையில எல்லாரும் மூக்கைக் கொண்டு வரணும்" என்று ஒரே வாக்கியத்தில் பறையறைந்து அமர்ந்தாள்.

மறுநாள் முன்கூடம் போர்க்களம் ஆயிற்று. பஞ்சுக்குச்சி டாக்டர் அம்பு தொடுக்க, சோப்பம்மா ஒவ்வொரு தலையாய்ப் பின்னிருந்து பற்றி நிறுத்தினாள். மலைபோன்ற தோளுடைய தள்ளுவண்டிப் பணியாளன் குச்சியைக் கண்டதும் கண்ணீர் உகுத்தான். எலும்புகளை இரம்பத்தால் அறுத்தும் கை நடுங்காத பெரிய டாக்டரைக் காணவில்லை. துவைத்த துணிகளின் அறையில், போர்வை அடுக்குகளுக்குப் பின்னே, அவசரமாய் ஏதோ தேடுவதுபோல் நின்றவனைச் சோப்பம்மா கண்டுபிடித்து, வேட்டையில் பிடிபட்ட களிறுபோல் நடத்திவந்தாள். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவன் ஒருவன் இருந்தான். ஆண்டு முழுவதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அவன் உறிஞ்சல் டாக்டர். குச்சி தீண்டியதும் அவன் தும்மிய தும்மலில் எட்ட நின்றோரும் ஓரடி பின்வாங்கினர். பின்வாங்கியவர் ஒருவரை ஒருவர் பொருளோடு நோக்கிக்கொண்டனர்.

இறுதியில் நாயகியின் முறை. அவள் தானே முகத்தை நிமிர்த்தினாள்.

"நல்லா உள்ள விட்டுச் சுத்துங்க, மேடம். எனக்குன்னு சலுகை வேண்டாம்."

சலுகை காட்டப்படவில்லை.

சில தினங்கள் சென்றபின், கிருமியியல் கூடத்தின் கதவைச் சாத்திவிட்டு, பஞ்சுக்குச்சி டாக்டர் சோப்பம்மாவின்முன், குச்சியில் வந்த கிருமியை வளர்த்த ஒரு கண்ணாடித் தட்டை வைத்தாள். செந்நிறத் தளத்தின்மேல், விடியற்கதிர் பட்ட பனித்துளிகள்போலும், முடிசூட்டு விழாவுக்கு அடுக்கிய பொற்குடங்கள்போலும், வட்ட வட்டமாய், வளமாய், பேரழகாய்ப் பொன்னிறப் புள்ளிகள் பொலிந்தன. இத்தனை செழிப்பான பயிர் யாருடைய மூக்கில் விளைந்ததோ என்று வியந்து, அத்தட்டின் விளிம்பில் ஒட்டிய சீட்டைச் சோப்பம்மா படித்தாள்.

"தப்பா மாத்தி வெச்சிருப்பீங்க."

"ரெண்டு தடவை பார்த்துட்டேன், சிஸ்டர்."

"நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவுறேன்னு தெரியுமா?"

"கை சுத்தமாத்தான் இருக்கு. இது மூக்கு."

இடி விழுந்த பனைபோல் அவள் நின்றாள். பஞ்சுக்குச்சி டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு அமரச்செய்து, மெல்லச் சொன்னாள். காயங்களில் கண்ட அதே வகைதான் இது, அரங்கினரில் வேறெவர் மூக்கிலும் இது இல்லை. ஆனால் இவளிடமிருந்து அவர்களுக்குப் போனதா, அவர்களிடமிருந்து இவளுக்கு வந்ததா என்பதை இந்தத் தட்டால் சொல்ல இயலாது, எவராலும் இயலாது. மருந்து எளியது. மூக்கு துப்புரவாகும் வரை அரங்கினுள் போகலாகாது. விஷயம் இவ்வறைக்கு வெளியே ஒரு காதுக்கும் எட்டாது.

ஆக, அரசியானவள் அரியணை இழந்து வனம் புகுந்தாள். வனம் என்பது கீழ்த்தளத்து ஸ்டோர். அங்கே கையுறைப் பெட்டிகள் குன்றுகளாய் நின்றன. பஞ்சுச்சுருள்கள் மேகங்களாய்த் திரண்டன. ஒற்றைக் குழல்விளக்கு விட்டுவிட்டு மின்னியது. அங்கே அமர்ந்து, பெட்டிகளை எண்ணுவதும், எண்ணியதை மறுபடி எண்ணுவதும் அவள் தவமாயிற்று. கேட்டவர்க்கெல்லாம் முதுகுவலி என்றாள். வாழ்நாளில் உரைத்த முதற்பொய்யாதலின் அதை அவள் சரியாகச் சொல்லவில்லை. வலி ஒரு நாள் இடுப்பிலும் மறுநாள் தோளிலும் இருந்தது. எனினும் அனைவரும் நம்பினர்.

நம்பியதே அடுத்த வேதனைக்கு வித்தாயிற்று. அரங்கின் செவிலியர் ஒவ்வொருவராய்ப் படியிறங்கி வந்து, முதுகுக்கென்று பச்சைத் தைலமும் மஞ்சள் களிம்பும், நாறும் எண்ணெயும் எரியும் பசையும் காணிக்கையாய் வைத்துச் சென்றனர். "அக்கா, சூடு பறக்கத் தேய்ங்க" என்றனர். மேசைமேல் மருந்துக்குப்பிகள் கோபுரமாய் எழ, உண்மையில் அவளுக்குரிய மருந்தோ, சுண்டுவிரல் அளவேயான ஒரு சிறு குழாயாய், கைப்பையின் அடியில், சாவிக்கொத்துக்கும் சீப்புக்கும் நடுவே, நாணி ஒளிந்து கிடந்தது.

வந்தவர்கள் தைலத்தோடு செய்தியும் கொண்டுவந்தனர். காயம் சீழ் பிடித்ததற்குக் காரணம் உறிஞ்சல் டாக்டரின் மூக்குதான் என்று அரங்கம் தீர்ப்பெழுதிவிட்டது. எவரும் சொல்லித் தெரியவில்லையாம், பார்த்தாலே தெரிகிறதாம். அவன் வந்தால் டீ அறையில் நாற்காலிகள் நகர்கின்றன. அவனது கோப்பைக்கு யாரோ ஒரு முகக்கவசத்தை மாட்டிவைத்திருக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருந்த சோப்பம்மா, "அப்படியா" என்றாள். எண்ணிவைத்த பெட்டிகளை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

இனிப் போரைப் பாடுவோம்.

பஞ்சுக்குச்சி டாக்டர் வகுத்துக் கொடுத்த போர்முறை இதுவே: தீக்குச்சித் தலையளவு களிம்பெடுத்து, மூவேளையும், இரு நாசியிலும் பூசி, மூக்கை வெளியிலிருந்து அமுக்கி அமுக்கி உள்ளெங்கும் பரவவிடல். கிருமிகொல்லித் திரவத்தால் தலைமுதல் கால்வரை குளித்தல். துவாலையும் தலையணை உறையும் அன்றாடம் மாற்றுதல். ஐந்தாம் நாள் முடித்து, சில நாள் ஓய்ந்து, மீண்டும் குச்சி.

அவள் குளித்த குளியலை எங்ஙனம் உரைப்போம்! குளியலறையில் புயலெழுந்தது, வீட்டின் மேல்தொட்டி வற்றியது. துவைக்கும் இயந்திரம், பாரம் தாங்காத யானைபோல் பிளிறி, நின்ற இடம்விட்டு நகர்ந்து, கதவருகே வந்து நின்றது. தலையணை உறைகள் கொடியில் வெண்பதாகைகளாய்ப் பறந்தன. பின்னர் அவள் கண்ணாடிமுன் நின்று, சிறுகுழாயின் மூடியைத் திருகி, பஞ்சுக்குச்சியின் நுனியில் வெண்மணி ஒன்றை ஏந்தி, வலநாசி என்னும் இருட்குகையுள் செலுத்தினாள். ஆங்கே, உரோமக் காடுகளினூடே, தலைமுறை தலைமுறையாய்க் குடியாண்ட பொன்னிறப் படை துணுக்குற்று விழித்தது. மதிலென இறங்கியது களிம்பு. வாயிற்கதவுகள் அடைபட்டன. அடுத்து இடநாசி. வெளியிலிருந்து அவள் விரல்கள் இரண்டு, மலையைப் பிடித்துலுக்கும் அரக்கர்போல் மூக்கைப் பிசைந்தன. குகையுள் எழுந்த ஓலம் மனிதச் செவிக்குக் கேளாது. கேட்டிருப்பின் கல்லும் கரைந்திருக்கும்.

ஐயகோ, வென்றுகொண்டிருந்த அவ்வேளையில்தான் துரோகம் நுழைந்தது. துரோகி வெளியாள் அல்லள், அவளது வலக்கையே. மூக்கினுள் ஏதோ பிசுபிசுக்கிறது என்று அவள் உணர்ந்த மாத்திரத்தில், இத்தனை ஆண்டுகள் பிசுபிசுப்பையே பகையாகக் கொண்டு வாழ்ந்த அக்கை, தானாகவே குழாயைத் திறந்தது. தானாகவே சோப்பைத் தொட்டது. நுரை பொங்க நாசி இரண்டையும் கழுவி, சிந்தி, துடைத்து, பளபளவென்று வைத்தது. அதை அவள் குற்றமாகவே கருதவில்லை. பூசும் வேலை முடிந்தது, கருவியைக் கழுவிவைக்கிறோம் என்பதுபோல் கருதினாள். ஆகவே மூவேளையும் பூசினாள், மூவேளையும் கழுவினாள், பொன்னிறப் படையோ காலை, நண்பகல், இரவு என்று வேளை தவறாது சிறிது நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, வெள்ளம் வந்து மதிலை அடித்துப்போனதும் எழுந்து சோம்பல் முறித்தது.

மீண்டும் குச்சி நுழைந்தது. மீண்டும் தட்டு. மீண்டும் பொற்குடங்கள், முன்னிலும் கொழுகொழுவென்று.

ஒரு வேளையும் விடாமல் போட்டீர்களா என்று பஞ்சுக்குச்சி டாக்டர் கேட்டாள். விடவில்லை என்று சோப்பம்மா சத்தியம் செய்தாள், அது உண்மையே. அப்படியானால் வீட்டில் இன்னொரு மூக்கிலிருந்து திரும்பி வந்திருக்கலாம் என்று டாக்டர் ஐயுற, அவளுடைய கணவன் வரவழைக்கப்பட்டான்.

அவன் கார் ஓட்டக் கற்பிப்பவன். மூக்கை நீட்டு என்றதும் நீட்டினான். விடை வந்தது: அவன் மூக்கில் ஒன்றுமில்லை. பகலெல்லாம் சாலைப் புழுதியில் உழல்பவன். கைக்குட்டையை வாரக்கணக்கில் சட்டைப்பையிலேயே வளர்ப்பவன். கைகழுவுவதென்பது விரல்நுனிகளைத் தண்ணீருக்குக் காட்டுவது என்றே எண்ணி வாழ்பவன். அவன் நாசி, பனிமலை ஊற்றுப்போல் மாசற்று விளங்கியது. அன்று மாலை சோப்பம்மா அவனிடம் பேசவில்லை. தான் செய்த பிழை என்னவென்று அவனுக்கு விளங்கவில்லை.

இனி அவன் பெருமையும் சிறிது சொல்லுவோம். பழங்கதைகளில் வீரர்க்கு ஒரு தேர்ப்பாகன் உண்டன்றோ? இவளுக்கு வாய்த்த பாகன் இவன். பக்கத்து இருக்கையில் அமர்ந்து, தன் காலடியில் தனக்கென ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, எத்தனையோ பேர் தன்னைச் சுவரிலும் மரத்திலும் மோதக் கொண்டுபோனதையெல்லாம் பதறாது பார்த்திருந்தவன். எவரையும் அவன் அதட்டியதில்லை. எவரைப் பார்த்தும் சிரித்ததில்லை.

இரண்டாம் படையெடுப்பு தொடங்கிய காலையில், பல் துலக்கப் போனவன் குளியலறை வாயிலில் நின்றான்.

"என்ன பண்றே?"

"மூக்கைக் கழுவுறேன்."

"இப்பத்தானே மருந்து போட்டே?"

"அதான் கழுவுறேன். பிசுபிசுன்னு இருக்குல்ல?"

ஏழுலகும் அசைவற்று நின்றன. குழாய்நீர் மட்டும் ஓடியது. அவன் எட்டி அதை மூடினான்.

"போன தடவையும் இப்படித்தானா?"

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடியில் நுரை வழியும் மூக்கோடு ஒருத்தி, அப்போதுதான் அனைத்தும் விளங்கிய முகத்தோடு நின்றாள்.

"நம்ம வீட்டுச் சாக்கடைக்குத்தான் இனிமே ஒரு கிருமியும் வராது" என்று அவன் சொன்னான். அப்போதும் சிரிக்கவில்லை. அவள்தான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்து, துவாலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பின் எழுந்தது புதிய போர்வகுப்பு. அவள் பூசியவுடன் இருவரும் கூடத்துச் சோபாவில் காரின் முன்னிருக்கையில் அமர்வதுபோல் அருகருகே அமர்வர். கழுவும் ஆசை அவளுள் கடலெனக் கிளர்ந்தெழும். மூக்கு நமைக்கும், களிம்பு உருகித் தொண்டைப்பக்கம் இறங்கும், உடம்பின் ஒவ்வொரு அணுவும் தண்ணீர், தண்ணீர் என்று கூவும். அவள் கை மடியிலிருந்து ஓரங்குலம் எழுந்தாலும், பக்கத்தில் அவன் வலக்கால், இல்லாத பிரேக்கைத் தரையில் அழுத்தும். கை இறங்கிவிடும். நண்பகல் வேளைக்கு அவன், கூரையில் பலகை மாட்டிய காரில், கற்பவர் யாராவது ஓட்ட, மருத்துவமனைக்கே வந்தான். ஸ்டோர் வாசல் பெஞ்சில் கணவனும் மனைவியும் முன்னோக்கி வெறித்து அமர்ந்திருக்க, முற்றத்தில் ஒரு பெண்மணி காரைப் பின்னோக்கி நிறுத்தப் பழகி, பூந்தொட்டிகளைப் பதம்பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படி ஓர் உச்சிப்பொழுதில், மூக்கில் களிம்போடு, அவள் வாய்திறந்தாள். தபால்காரனின் காலை நினைத்தால் தூக்கம் வருவதில்லை என்றாள். ஆயிரம் பேருடைய கையைக் கழுவவைத்த தன்னாலேயே அது நேர்ந்திருந்தால் என்று தொடங்கி, முடிக்காமல் விட்டாள். அவன் பூந்தொட்டிகளிலிருந்து கண்ணெடுக்காமலே சொன்னான்.

"தப்பு உன்னோடதா இல்லையான்னு டாக்டருக்கே தெரியலைங்கிறாங்க. உனக்கும் எனக்கும் எங்க தெரியப்போகுது? மூக்கு உன்னோடது. அதை மட்டும் பார்த்துக்க."

அவன் போனபின், கையுறைப் பெட்டி ஒன்றை மேலே கொடுத்துவர அவள் படியேறினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில், சுவரோடு ஒட்டி, முழங்கால்மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டு, உறிஞ்சல் டாக்டர் தனியாக உண்டுகொண்டிருந்தான். எழுதுவோர் கையில் வலியவர் வீழும் காட்சிகள் எத்தனையோ. ஆனால் படிக்கட்டில் டப்பாவோடு அமர்ந்திருக்கும் ஒரு டாக்டர், மூடியை மடியில் விழாமல் பிடித்துக்கொண்டு, "போங்க சிஸ்டர், இடம் இருக்கு" என்று ஒதுங்கிக் கால் மடக்கிய காட்சிக்கு நிகர் வேறில்லை. அவளுக்குத் தொற்றிக்கொள்ளுமோ என்று அஞ்சி, அவன் கையால் வாயை மூடிக்கொண்டுதான் அதைச் சொன்னான்.

சோப்பம்மா மேலே ஏறினாள். ஏறிய வேகத்தில் படிகள் அதிர்ந்தன. டீ அறைக் கதவு திறந்து சுவரில் மோதியது. கோப்பைகள் நின்றன, பிஸ்கட்டுகள் டீயில் மூழ்கி மாண்டன. அவள் நடுவில் நின்று உரைத்த பேரறிக்கை வருமாறு:

"எல்லாரும் கேளுங்க. அந்தக் கிருமி இருக்கிறது என் மூக்குல. டாக்டர் மூக்குல இல்லை. முதுகுவலின்னு சொன்னது பொய். மருந்து போட்டுக்கிட்டிருக்கேன், சரியாகிற வரைக்கும் தியேட்டருக்குள்ள வரமாட்டேன். இனிமே அவரை யாராவது படிக்கட்டுல உட்கார வெச்சா, வந்து எங்கிட்டப் பேசுங்க."

பின் பெரிய டாக்டர் எழுந்து, யாரையும் பாராமல், அலமாரியிலிருந்த கோப்பையின் முகக்கவசத்தைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டான். அதை மாட்டியவன் அவனேதான் என்பது அப்போது அனைவர்க்கும் தெளிவாயிற்று. சற்றுநேரத்தில் உறிஞ்சல் டாக்டர் டப்பாவோடு வாயிலில் தோன்றி, நடந்ததறிந்து, சோப்பம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தான்.

"எனக்குத் தூசி அலர்ஜி, சிஸ்டர்" என்றான், ஒருமுறை உறிஞ்சிவிட்டு. "இங்க சேர்ந்த நாள்லேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன். யாருமே கேட்கலை."

"நானும் கேட்கலை" என்றாள் அவள். அவ்வளவே. அவன் டப்பாவின் மிச்சத்தைத் தின்று முடித்தான். முதுகுக்குத் தைலம் கொடுத்திருந்த செவிலி ஒருத்தி மட்டும், மாலையில் கீழே வந்து, விலை அதிகம் அக்கா என்று முனகியபடி அதைத் திரும்ப எடுத்துச் சென்றாள்.

எஞ்சிய கடமை ஒன்று இருந்தது. அது எல்லாவற்றிலும் பெரிது. பஞ்சுக்குச்சி டாக்டர் உடன்வர, முகக்கவசம் இறுக்கி, தபால்காரனின் கட்டிலருகே அவள் போய் நின்றாள். தன் மூக்கில் இருந்தது, அவன் காயத்தில் இருந்தது, இரண்டும் ஒன்றே என்பது, எது எங்கிருந்து வந்ததென்று தெரியாதது எல்லாவற்றையும் சொன்னாள். அலங்காரமின்றி, ஒன்றன்பின் ஒன்றாய், கருவிகளை எடுத்துக் கொடுப்பதுபோல் சொன்னாள். அவன் கூரையிலிருந்து கண்ணை இறக்கி அவளைப் பார்த்தான்.

"தெருவுல எத்தனையோ நாய் என் காலைக் கடிச்சிருக்கு, சிஸ்டர். எந்த நாயும் தேடி வந்து, ஒருவேளை நானா இருக்கலாம்னு சொன்னதில்லை."

பஞ்சுக்குச்சி டாக்டர் சன்னல்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் போர்வையை விலக்கினான். காயம் இப்போது வெளிறி, வற்றி, மூடத் தொடங்கியிருந்தது.

"காலையில ஒரு நிமிஷம் நின்னேன். மறுபடியும் நிக்கணும். கொஞ்சம் பிடிச்சுக்கங்க."

அவள் போய்க் கைகழுவிவிட்டு வந்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள். அவன் வாக்கரின் கைப்பிடிகளை இறுகப்பற்றி, பல்லைக் கடித்து, மெல்ல மெல்ல, பெருமழைக்குப்பின் நிமிரும் நெடுமரம்போல் எழுந்து நின்றான், ஒரு காலை முன்வைத்தான், இன்னொன்றையும் வைத்தான்.

படையெடுப்பு முடிந்தது. மதில்கள் இம்முறை இடிபடவில்லை. பூசிய களிம்பு பூசியபடி நின்று, உரோமக் காட்டின் ஒவ்வொரு வேரிலும் புகுந்து, ஒளிந்த படைஞனைத் தேடித்தேடி மாய்த்தது. குலைகுலையாய் வாழ்ந்த பெருங்குடி ஒன்றிரண்டாய்க் குறைந்து, கடைசிப் பொன்னிற மன்னன், துணையின்றி, தும்மலின்றி, குகையின் கோடியில் சரிந்தான். மூன்றாவது தட்டைப் பஞ்சுக்குச்சி டாக்டர் வெளிச்சத்தில் உயர்த்திக் காட்டினாள். அதில் இருந்தது வெறுமை; அறுவடை முடிந்த வயல்போல், மழைவிட்ட வானம்போல், நெடுந்துயர் நீங்கிய மனம்போல் விரிந்த செந்நிற வெறுமை. சோப்பம்மா அத்தட்டை வெகுநேரம் பார்த்தாள். எடுத்துப்போகலாமா என்று கேட்டாள். கூடாது என்றாள் டாக்டர்.

வனவாசம் நீங்கிய தலைவி அரங்கம் புகுந்த காலையை எவ்வாறு பாடி முடிப்போம்! நடைவழியின் இருமருங்கும் தள்ளுவண்டிகள் அணிவகுத்தன. தரை துடைத்து ஈரம் மின்னக் கிடந்தது. பச்சையங்கி தரித்து, தொப்பிக்குள் கூந்தல் அடங்க, மலையருவி கடலை நாடுவதுபோல் அவள் வந்தாள். பெரிய டாக்டர் வழிவிட்டு நின்றான். உறிஞ்சல் டாக்டர், விழாவென்பதால், உறிஞ்சாமல் இருக்க முயன்றான். அவள் முழங்கையால் குழாயைத் திறந்தாள். நீர் ஆர்ப்பரித்து இறங்கியது. நுரை எழுந்து, நுரைமேல் நுரை எழுந்து, விரலிடுக்குகளும் நகக்கண்களும் முழங்கை மேடுகளும் வெண்முகிலில் மூழ்கின. பிறகு அவள் மெல்லத் திரும்பி, வரிசையாய்க் கை உயர்த்தி நின்ற அத்தனை பேரையும், ஆண்டவள் தன் நாட்டை மீண்டும் காண்பதுபோல் ஒருமுறை நோக்க, அனைவரும் மூச்சடக்கி, அவள் உரைக்கப்போகும் அந்த ஒற்றைச் சொல்லுக்காகச் செவியெல்லாம் கூர்மையாக்கி, கத்தியும் கத்திரியும் தட்டில் ஒளிவீச, பேரரங்கின் விளக்குகள் யாவும் ஒருசேர ஒளிர்ந்தெழ, காத்து நின்றனர்.

வெறும்வயிற்றோடு வரவேண்டிய நோயாளி காலையில் டீயும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு வந்திருந்ததால், அன்றைய ஆபரேஷனை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்கள்.